மேற்கே கட்டிய கம்பி

முதலில் பட்டம் விட்டுப் பார்த்தார்கள். படகை மூடும் நீலத் தார்ப்பாயை வெட்டி, மூங்கில் கொடுத்து, ஆளுயரத்துக்கு ஒன்று தைத்து, அதில் நூறு மீட்டர் செம்புக் கம்பியைக் கட்டி, அலைத் தடுப்புக்குக் கடலுக்குள் கல் கொட்டிய தூண்டில் வளைவின் கடைசிக் கல்லில் நின்று ஏற்றினார்கள். ஏறத்தான் செய்தது. பிரிஜித் டீச்சர் மீட்டரில் கண்ணை வைத்துக்கொண்டு "நல்லா வருது, நல்லா வருது" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் காற்று திரும்பியது. பட்டம் இரண்டு குட்டிக்கரணம் போட்டுக் கடலுக்குள் போய்விட்டது. கம்பியை மட்டும் ஒரு மணி நேரம் பாடுபட்டு இழுத்து எடுத்தார்கள்.

"பட்டத்தை நம்பி முப்பத்திரண்டு படகுக்குச் சேதி சொல்ல முடியாது டீச்சர்," என்றார் தாணு. "காத்து நின்னா விழும், அடிச்சா கிழியும். தரையில நிக்கிற மாதிரி ஒண்ணு யோசிப்போம்."

யோசிக்க நாலு நாள்தான் இருந்தது. நாலாவது நாள் புயல்.

புத்தன்கரை, கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்து ஊர். இங்கே தும்மினால் கேரளத்தில் 'ஆயுசு நூறு' என்பார்கள். ஆண்கள் அத்தனை பேரும் ஆழ்கடல் தொழில். போனால் நாற்பது நாள், ஐம்பது நாள். கரையிலிருந்து ஐந்நூறு அறுநூறு மைலுக்கு அப்பால், கேரை மீனுக்கும் சுறாவுக்கும் தூண்டில் போட்டுக்கொண்டு கிடப்பார்கள். முன்பெல்லாம் அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டு, பிள்ளை ஹோம்வொர்க் எழுதினானா என்று கேட்கிற அளவுக்குக் காலம் முன்னேறியிருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் சூரியன் ஒரு வாரம் விடாமல் சீறியது. அத்தோடு அந்தக் காலம் முடிந்தது. செயற்கைக்கோள்கள் ஒன்று பாக்கியில்லாமல் செத்தன. சிற்றலை வானொலியும் போயிற்று. சிற்றலைக்குப் பிழைப்பே, உயரத்தில் இருக்கும் ஓர் அடுக்கில் பட்டுத் திரும்பி வருவதுதான். அந்த அடுக்கு கலங்கியது கலங்கியபடியே கிடந்தது. எப்போது தெளியும் என்று கேட்டதற்கு விஞ்ஞானிகள், ஒரு வருடம் ஆகலாம், பத்து வருடமும் ஆகலாம் என்றார்கள். இதைச் சொல்ல விஞ்ஞானி எதற்கு என்று ஊரில் கேட்டார்கள்.

மிஞ்சியது நெட்டலை. ஓர் அலையின் நீளமே இரண்டு கிலோமீட்டருக்கு மேல். அது வானத்தை எதிர்பார்ப்பதில்லை. கடல் நீரைத் தடவிக்கொண்டே போகும். யாருக்கும் வேண்டாத அலைவரிசை என்று அதில் ஒரு துண்டை அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு என்றோ ஒதுக்கிவிட்டிருந்தார்கள். அரசாங்கத்தின் பெரிய நிலையங்கள் தங்கள் கப்பல்களோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தன. மீன்பிடிப் படகுகளுக்கு யாரும் எதுவும் வைத்திருக்கவில்லை.

பிரிஜித், ஊர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. இருபது வயதிலிருந்தே அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருப்பவள். தாணு நாகர்கோவிலில் தொலைபேசித் துறைப் பொறியாளர். அவரும் அதே பைத்தியம். இருவரும் ஆறு வருடம் மோர்ஸ் குறியில் பேசி நண்பர்களான பிறகுதான் ஒரு கல்யாண வீட்டில் நேரில் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை தாணு அவளை மீசை வைத்த ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். சூரியன் சீறிய பிறகு இவர்கள் இரண்டு பேரும் பள்ளி ஆய்வகத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து, முப்பத்திரண்டு டப்பாக்கள் செய்து, படகுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். டப்பாவுக்குக் காது உண்டு, வாய் கிடையாது. நெட்டலையில் கரையிலிருந்து ஒரு குறி வந்தால் அதில் ஓர் எண் தெரியும். ஏழு என்றால் புயல், பக்கத்துக் கரைக்கு ஓடு. திருப்பிப் பேச வேண்டுமானால் படகைவிடப் பெரிய கம்பி வேண்டும். அது நடக்கிற காரியமில்லை.

இவ்வளவு ஆபத்தில் ஏன் போனார்கள் என்றால், வீட்டில் அரிசி இல்லாததால் போனார்கள். திசைகாட்டியையும் நட்சத்திரத்தையும் நம்பி, ஆறு வாரத்துக்கு முன் முப்பத்திரண்டு படகும் புறப்பட்டன. பிரிஜித்தின் கணவன் ததேயு ஒரு படகை ஓட்டும் ஸ்ராங்கு. மாலத்தீவுக்குக் கீழே புயல் பிறந்திருக்கிறது, அது மேற்கையும் தெற்கையும் சேர்த்துச் சுருட்டும் என்ற செய்தி தரைக்கம்பித் தொலைபேசியில் வந்தது திங்கட்கிழமை காலை. பட்டம் கடலில் விழுந்தது அன்று பத்தரை மணிக்கு.

பள்ளிக்கூரையில் ஏற்கெனவே ஒரு கம்பி இருந்தது. அது நூற்றைம்பது மைலுக்கு மேல் கேட்காது.

"சாரே, நிமிர்ந்து நிக்கிற கம்பியா போட்டா?" என்று கேட்டாள் பிரிஜித். பதில் தெரிந்தே கேட்டாள். வேறு யாராவது சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

"போடலாம். நாலு பக்கமும் ஒரே மாதிரிப் போகும். ஆனா நிமிர்ந்து நிக்கிற கம்பிக்குப் பாதி வேலையை மண்ணு செய்யணும். உங்க மண்ணு செம்மண்ணு, மேல முழுக்கத் தென்னை. நூறு வாட் குடுத்தா தொண்ணூத்தொன்பதை மண்ணும் மரமும் குடிச்சிட்டு ஒண்ணை வெளிய விடும்."

"தென்னையை வெட்டினா?"

"ஐம்பது மரத்தை வெட்டினாலும் முந்நூறு மைல் போகும். படகு கிடக்கது ஐந்நூறுக்கு அப்புறம்." தாணு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வளையம் போட்டா போகும். அதுக்கு மண்ணு வேண்டாம். செத்துக் கிடக்கே அந்த செல்போன் டவர், அதுல இருந்து கோயில் கோபுரத்துக்கு மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி, பெரிய வாசல் மாதிரி. அறுநூறு மைல் நான் கேரண்டி."

"ஆனா?"

"ஆனாதான் உங்களுக்கே தெரியுமே. வளையம் நீளவாக்குல மட்டும்தான் பேசும். டவர்ல இருந்து கோயில் மேற்கே இருக்கு. அங்க கட்டினா மேற்கே போகும். தெற்கே ஒண்ணும் கிடையாது, சுத்தமா. தெற்கே வேணும்னா டவர்ல இருந்து ஐஸ் பிளான்ட் தண்ணித் தொட்டிக்குக் கட்டணும். அப்ப மேற்கு கிடையாது."

"ரெண்டும் கட்ட செம்பு கெடையாது."

"செம்பும் கிடையாது, நாளும் கிடையாது. கம்பி சேக்க, ஏத்த, சுதி சேக்க ஒன்றரை நாள். செய்தி கேட்டு அவங்க ஓட ரெண்டு நாள். ஒரு பக்கம்தான் டீச்சர்."

எந்தப் பக்கம் என்பதை ஊரைக் கேட்காமல் முடிவு செய்ய முடியாது. கோயில் மணி அடித்தது.

ஊர்க் கூட்டத்துக்கு நூறு பெண்களும், காலும் மூச்சும் தளர்ந்த பத்துப் பதினைந்து கிழவர்களும் வந்தார்கள். பங்குத்தந்தை எட்மண்ட் பதிவேட்டைக் கொண்டுவந்தார். படகு புறப்படும்போது மந்திரித்து, பெயரையும் திசையையும் அதில் எழுதுவது வழக்கம். அவர் வாசித்தார்: மேற்கே இருபத்தாறு படகு, தெற்கே ஆறு.

கேட்டதும் ஒருத்தி எழுந்து நின்றாள். ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்க்கும் மெற்றில்டா. அவள் கணவன் அமலதாஸின் படகு அந்த ஆறில் ஒன்று.

"அப்பம் எங்களுக்க ஆளுகளை என்ன செய்ய?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று பிரிஜித்துக்குத் தோன்றியது.

 தாணு முன்னால் வந்து, டவரையும் கோயிலையும் ஐஸ் பிளான்ட்டையும் கரும்பலகையில் வரைந்து, பொறுமையாக ஒரு தடவை எல்லாம் விளக்கினார். பிறகு சொன்னார்: "அம்மா, கட்டியாச்சுன்னா திருப்ப முடியாது. அதனால ஒண்ணு கேட்டுக்கிடுதேன். இந்தப் பதிவு சரிதானா? ஏதாவது படகு இதுல எழுதினபடி போகல்லேன்னு யாருக்காவது தெரிஞ்சா இப்ப சொல்லிரணும்."

இந்த இடத்தில் பிரிஜித்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்.

கடலில் மீன் கிடக்கும் இடத்தை எந்தப் படகுக்காரனும் வாயைத் திறந்து சொல்லமாட்டான். அப்பன் மகனிடம் சொல்வான், அதுவும் மகன் அதே படகில் வருவதாக இருந்தால். வயர்லெஸ் இருந்த நாளிலேயே இருநூறு மைல் தள்ளி ஓர் இடத்தைச் சொல்லி, பின்னால் வருகிறவனை அலையவிட்டுச் சிரிப்பார்கள். கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள், அடுத்த தடவை அவன் இவனை அலையவிடுவான். ஆனால் கோயில் பதிவேட்டில் மட்டும் மேற்கா தெற்கா என்பதை உள்ளபடி சொல்லுவது உண்டு. சாமி புத்தகத்தில் பொய் எழுதக்கூடாது என்பதைவிட, பிணம் தேடுகிறவர்களுக்கு உபயோகப்படும் என்பதுதான் காரணம்.

புறப்பட்ட அன்று ததேயு, செருப்பை மாட்டியவன் திரும்ப உள்ளே வந்து, அவள் காதோடு சொன்னான்: "மேக்கன்னு எழுதியிருக்கேன். தெக்கதான் போறோம். அங்க ஒரு பாரு கண்டுவெச்சிருக்கேன், கேரை அப்பிடிக் கெடக்கு. ஒனக்கு மட்டும்தான் சொல்லுகேன், மூச்சு விடாத." கடலடியில் எழும்பி நிற்கும் பாறைமேட்டைப் பார் என்பார்கள், அதைச் சுற்றி மீன் அடைந்திருக்கும். ஒன்றரை மாதப் பட்டினிக்கு அது ஒன்றே பதில். பதிவேட்டில் பொய் எழுதியதற்காக அவள் முகத்தைச் சுளித்தாள். அவன் சிரித்தான். அவ்வளவுதான் நேரம் இருந்தது.

இப்போது தாணு கேட்கிறார். பிரிஜித் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொல்ல வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அவள் கணக்குத் தெரிந்தவள். சொன்னால் இருபத்தாறு இருபத்தைந்தாகும், ஆறு ஏழாகும். கம்பி அப்போதும் மேற்கேதான் போகும், போகவும் வேண்டும். மிச்சமாவது ஒன்றுதான்: டீச்சர் தன் மாப்பிள்ளைக்காகக் கம்பியைத் திருப்பப் பார்த்தாள் என்ற பேச்சு. அது வந்துவிட்டால் நாளை கம்பியிழுக்க ஒரு கை வராது. ததேயு ஒருவனுக்காக இருநூற்றைம்பது ஆட்களைக் குழப்பத்தில் விடக்கூடாது. அவள் கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். 

தூணோரம் செலின் அக்கா நின்றிருந்தாள். இரண்டு மகன்களும் ஒரே படகில், பதிவேட்டில் மேற்கே. அவள் வாயைத் திறந்தாள், பிறகு முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். பாவம், பயத்தில் அழப்போகிறாள் என்று பிரிஜித் நினைத்தாள். அங்கே பல பேர் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதையும் அவள் பயம் என்றே எடுத்துக்கொண்டாள்.

"யாரும் சொல்லல்ல. அப்ப சரியாத்தான் இருக்கும்," என்றார் எட்மண்ட். "டீச்சர், தொழில் தெரிஞ்சவங்க நீங்க. நீங்களே சொல்லிருங்க."

தாணு அவள் பக்கம் குனிந்து மெதுவாக, "நிமிர்ந்த கம்பியே போடுவோமா? யாரையும் விட்டதா இருக்காது," என்றார்.

"யாருக்கும் கேக்காத ஒண்ணைக் கட்டிட்டு, எல்லாருக்கும் சமமா கட்டினோம்னு சொல்லவா சாரே?" என்றாள் பிரிஜித். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "மேக்க."

மெற்றில்டா வெளியே போய்விட்டாள். தெற்கே என்று எழுதியிருந்த மற்ற ஐந்து படகுக்காரர்களின் வீட்டுப் பெண்களும் அவள் பின்னால் போனார்கள்.

ஆனால் மதியம் எல்லோருக்கும் முன்னால் செம்பு கொண்டுவந்தவள் மெற்றில்டாதான். ஐஸ் பிளான்ட்டில் மண்ணுக்குள் கிடந்த கட்டை விரல் தடிமனான எர்த் கம்பியைத் தோண்டி, சுருட்டி, தலையில் வைத்துக் கொண்டுவந்து போட்டாள். "எனக்க ஆளுக்கு ஒதவாதுன்னா மத்தவனுக்கெங்கிலும் ஒதவட்டும்," என்று யார் முகத்தையும் பார்க்காமல் சொல்லிவிட்டு அடுத்த சுமைக்குப் போனாள். பிரிஜித்துக்கு அவள் காலைத் தொட வேண்டும்போல இருந்தது. நானும் உன் கட்சிதான் என்று சொல்லத் துடித்தது. சொல்லவில்லை.

திருவிழாவுக்குக் கட்டும் சீரியல் விளக்குக் கம்பிகளைத் தோல் உரித்தார்கள். வீட்டு மோட்டார்களைப் பிரித்தார்கள். முறுக்கி முறுக்கி, ஒரு கை தடிமனுக்கு ஒரு வடம் உண்டாக்கினார்கள். வலை முறுக்கிப் பழகிய கைகள். ஓர் இடத்திலும் பிசிறு இல்லை. கிழவர் ஒருவர் செத்த செல்போன் டவரில் ஏறிக் கப்பி கட்டினார். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு, டவருக்கும் கோயிலுக்கும் நடுவே, தெருவையும் கிணற்றையும் கல்லறைத் தோட்டத்தையும் தாண்டி, இரண்டு கோடாகக் கம்பி நின்றது. சுதி சேர்க்கும் பெட்டியில் ஒரு தடவை பொறி பறந்தது. தாணு ஏதோ கெட்ட வார்த்தை சொல்லி, கோயில் என்று நினைவு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டாம் தடவை மீட்டர் முள் ஏறி நின்றது.

"இந்த மாதிரி ஒரு வளையம் இந்தியாவிலேயே கிடையாது டீச்சர்," என்றார். அந்த நிலைமையிலும் அவருக்குச் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை.

அவ்வளவு நீளமான அலையில், அவ்வளவு சின்ன சக்தியில், செய்தி ஊர்ந்துதான் போகும். ஒரு குறிக்கு ஒரு நிமிடம். ஏழு என்று சொல்லி முடிக்க ஐந்து நிமிடம். கம்ப்யூட்டரே அனுப்பும் என்று தாணு சொன்னார். பிரிஜித் கேட்கவில்லை, பள்ளி ஆய்வகத்தில் உட்கார்ந்து மோர்ஸ் சாவியைத் தன் கையாலேயே அழுத்தினாள். புதன் முழுக்க அழுத்தினாள். வியாழன் முழுக்க அழுத்தினாள். அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அது எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்பது அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். தெற்கே ததேயு அந்த டப்பாவைத் தான் படுக்கும் பலகையின் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருப்பான். அதில் எதுவும் தெரியாது. எதுவும் தெரியாததால் நிம்மதியாக இருப்பான்.

பக்கத்தில் செலின் அக்கா உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். "கேக்குமா பிள்ளே?" என்று நடுநடுவே கேட்டாள்.

"மேக்க நல்லாக் கேக்கும் அக்கா. ஒங்க பிள்ளைகளுக்கு ஒண்ணும் வராது."

செலின் அக்கா அதைக் கேட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்சம் நன்றியாவது காட்டியிருக்கலாம் என்று பிரிஜித்துக்கு ஒரு கணம் எரிச்சல் வந்தது. உன் இரண்டு பிள்ளைகளுக்காக நான் எதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் தெரியுமா என்று மனசுக்குள் கேட்டாள். துக்கத்தோடு துக்கமாக, அதில் ஒரு பெருமையும் இருந்தது. பின்னாளில் அவளால் தன்னை மன்னிக்க முடியாமல் போனது இந்தப் பெருமைக்காகத்தான்.

வெள்ளிக்கிழமை புயல் தன் வழியில் போயிற்று. கரைக்கு வந்தது பெரிய அலைகள் மட்டும்தான். தூண்டில் வளைவில் நாலு கல்லைப் புரட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கடல் ஒன்றும் தெரியாததுபோல் கிடந்தது.

எட்டு நாள் ஊர் கரையிலேயே நின்றது. ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு படகு தெரிந்தது. பிறகு இன்னொன்று. முதல் படகின் முகப்பில் இருந்த மஞ்சள் பட்டையைப் பார்த்துவிட்டு மெற்றில்டா ஒரு கூச்சல் போட்டாள். அது அமலதாஸின் படகு. தெற்குப் படகு.

ஊரே திகைத்தது. அடுத்து வந்ததும் தெற்குப் படகு. அதற்கடுத்ததும். மெற்றில்டா மணலில் விழுந்து புரண்டு அழுதாள். பிரிஜித்துக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. தெற்கே கேட்டிருக்கிறது! வளையம் தெற்கே பேசாது என்பது புத்தகத்தில்தான்; மண், கடல், மேகம் ஏதோ ஒன்று அதைத் திருப்பிவிட்டிருக்கிறது. தெற்கே கேட்டிருந்தால் ததேயுவுக்கும் கேட்டிருக்கும். அவள் சேலையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகை நோக்கி ஓடினாள்.

"அமலதாஸ் அண்ணே! டப்பா கேட்டுதா? தெக்க கேட்டுதா?"

"கேட்டுது டீச்சரே, பக்கத்துல நின்னு சொன்ன மாதிரி கேட்டுது! ஏழு, ஏழு, ஏழுன்னு. ஒங்க கைக்கு மோதிரம் போடணும்," என்றான் அமலதாஸ் மேலிருந்து. பிறகு தலையைச் சொறிந்தான். "தெக்கயா? தெக்க யாரு போனா? நாங்க ஆறு படகும் மேக்கல்லா போனோம்."

"தெக்கன்னு எழுதியிருந்துதே."

"எழுதினோம். மேக்க ஒரு நல்ல இடம் கண்டோம், மத்தவன் பொறத்தால வந்துரப்பிடாதுன்னு எழுதினதாக்கும்." அவனுக்கு வெட்கமாக இருந்தது. "ஃபாதர்ட்ட சொல்லிராதீங்க."

பிரிஜித் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "மத்தவிய எங்க? மேக்க போன மத்த இருபத்தாறு படகு?"

"மேக்க வேற மூணு படகத்தான் கண்டோம். டப்பா கேட்ட ஒடனே ஓடி ஒரே தீவுல ஒதுங்கினோம், மொத்தம் ஒம்பது. அந்தக் கடல் முழுக்க வேற ஒரு வெளக்கும் நாங்க பாக்கல்ல." அவன் கரையைப் பார்த்தான். கரையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தான். "ஏன்? மத்தவிய வரல்லியா?"

எட்மண்ட் தொலைபேசியில் உட்கார்ந்து, கொச்சி, தீவுகள், வடக்கே உள்ள துறைமுகங்கள் என்று ஒன்று விடாமல் கேட்டார். புத்தன்கரைப் படகு வேறு எங்கும் ஒதுங்கவில்லை. மத்தியானம் அதைச் சொல்ல அவர் கோயிலுக்குள் வந்தபோது, எல்லோரும் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அழுகை இல்லை. அவர் சொல்லி முடித்ததும் செலின் அக்கா எழுந்தாள்.

"எனக்க மக்க ரெண்டுபேரும் தெக்க போனானுவ ஃபாதர்," என்றாள். "பதிவில பொய். பெரியவன் எனக்கிட்ட மட்டும் சொன்னான், தெக்க ஒரு பாரு இருக்கு, யாருட்டயும் சொல்லாதன்னு. அன்னைக்கு அந்த சாரு கேட்டப்பம் சொல்ல வந்தேன். எனக்க ஒரு படகுக்காவ கம்பியைத் திருப்பச் சொல்ல நாவு எழும்பல்ல. மத்த எல்லாரும் மேக்கல்லா கெடக்கினும்னு நெனச்சேன்."

அவள் உட்காரவில்லை. முன்வரிசையில் இருந்து இன்னொருத்தி, "எனக்க ஆளும்," என்றாள். "எனக்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனாரு."

"எங்க அப்பாவும்."

"எனக்க தம்பியும் தெக்கதான். ஒரு படகுதானேன்னு..."

சுவரோரத்தில் ஒருத்தி. கதவருகில் ஒருத்தி. ஒவ்வொருத்தியாக எழுந்து, அதே வார்த்தையைச் சொன்னார்கள். எனக்கிட்ட மட்டும். ஒரு படகுதானே. எட்மண்ட் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயருக்கும் நேரே விரல் வைத்துக்கொண்டே வந்தார். இரண்டு தடவை வரி தவறி மறுபடி தேடினார். இருபத்திரண்டு படகுக்கு ஆள் எழுந்தாயிற்று. அவர் விரல் கடைசிப் பெயரில் நின்றது. நிமிர்ந்து பிரிஜித்தைப் பார்த்தார்.

தாணுவும் அப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தார். அவர் முகம் விழுந்துபோயிற்று.

"எனக்க ஆளும் தெக்கதான் போனாரு," என்றாள் பிரிஜித். "எனக்குத் தெரியும். கணக்குப் போட்டுப் பாத்துட்டுத்தான் சொல்லாம இருந்தேன்."

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்ட அங்கே ஒருவருக்கும் வாயில்லை. இருபத்துமூன்று வீட்டிலும் ஒரே கணக்கு, ஒரே விடை. அன்றைக்கு யாராவது ஒருத்தி, செலின் அக்காவோ அவளோ, ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் மற்ற இருபத்திரண்டும் தானாக வந்திருக்கும். கம்பி ஐஸ் பிளான்ட்டுக்குப் போயிருக்கும். அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் தாணுதான் பேசினார். "கம்பியை இறக்கித் தெற்கே திருப்புவோம் டீச்சர். எஞ்சின் நின்னு எவனாவது மிதந்துகிட்டுக் கிடந்தா..." அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. மிதந்துகொண்டு கிடப்பவனுக்கு ஏழு என்று சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அவருக்கும் தெரியும். டப்பாவில் ஏழு வாரத்துக்குத்தான் பேட்டரி, அது தீர்ந்திருக்கும் என்பதும் தெரியும். அதைச் செய்தவரே அவர்தான்.

ஆனாலும் எல்லோரும் எழுந்து போனார்கள். போன தடவை ஒன்றரை நாள் பிடித்த வேலை. இந்தத் தடவை யாரும் பேசாததாலோ என்னவோ அரை நாளில் முடிந்தது. அமலதாஸும் கரைக்கு வந்த மற்ற ஆண்களும் வடத்தின் ஒரு முனையைப் பிடிக்க வந்தபோது பெண்கள் விலகி நின்று இடம் கொடுத்தார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மெற்றில்டா ஐஸ் பிளான்ட் தொட்டியின் மேல் ஏறிக் கம்பியை வாங்கிக் கட்டினாள். முள் மறுபடியும் நன்றாகவே ஏறியது.

பிரிஜித் சாவியின் முன்னால் உட்கார்ந்தாள். செலின் அக்கா வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் வந்து, ஆய்வகம் நிறைந்து, வராந்தாவிலும் உட்கார்ந்தார்கள்.

"என்ன பிள்ளே அனுப்புவ?" என்று கேட்டாள் செலின் அக்கா.

பிரிஜித் யோசித்தாள். டப்பாவுக்குத் தெரிந்தது எண்கள் மட்டும். புயலுக்கு ஓர் எண் வைத்தார்கள், எண்ணெய் விலைக்கு ஒன்று, பிள்ளை பிறந்தால் ஒன்று. இதற்கு எதையும் வைக்கவில்லை.

"ஏழுதான் அக்கா," என்றாள். "கரைக்கு வரச் சொல்ல வேற எண் கெடையாது."

"அதையே அனுப்பு," என்றாள் செலின் அக்கா.

பிரிஜித் சாவியை அழுத்தி, ஒரு நிமிடம் ஆகும்வரை கையை எடுக்காமல் வைத்திருந்தாள்.